மாமா சத்தியமா சைவம்

ஜூலை 14, திங்கள்

இந்த டைரியை என்றைக்காவது திறக்கப்போகும் மானிடரே, கேளும். தென்காசி சிதம்பரதாணு ஆகிய நான், இடது கையில் வெற்றிலைச் செல்லமும் வலது கையில் பேனாவுமாக உட்கார்ந்து, மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் ஓர் உறுதி தருகிறேன்: இனி இதில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. தப்பித்தவறி நம்புகிறவர் என் மனைவி ஆவுடையிடம் போய் ஒரு வார்த்தை கேட்டால், அந்த நம்பிக்கையும் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகள் தையல்நாயகி. தையு என்று கூப்பிடுவோம். கெமிஸ்ட்ரி படித்தவள். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் வீட்டு மாடியில் அடுப்பு மூட்டி உதட்டுச் சாயம் காய்ச்சுகிறாள். 'செவ்விதழ்' என்று பெயர். இன்று காலை அதன் புது டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். மூடியில் என் முகம்! ரோமத்துக்கு ரோமம் பிசகாத மீசை. அந்த மீசையில் ஒரு காலத்தில் இரண்டு சிட்டுக்குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது ஊரறிந்த சங்கதி. முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'மாமா சத்தியமா சைவம்!'

"எதுக்குட்டி எம் மூஞ்சி?"

"உங்க மூஞ்சியப் பாத்தா எல்லாருக்கும் சிரிப்பு வரும் மாமா. சிரிச்சா வாங்கிருவாங்க."

பிறந்த அன்று அவள் நாக்கில் கருப்பட்டித் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தவன் நான். சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவ்வளவு அறிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

முகத்தைக் கொடுத்ததற்குச் சன்மானமாக ஒரு பதவியும் கிடைத்தது. தலைமைப் பரிசோதகர். மூலப்பொருள் எதிலாவது மிருகம் ஒளிந்திருந்தால் கண்டுபிடித்துப் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளுவது என் கடமை.

ஜூலை 16, புதன்

பதவியேற்றதும் முதல் ரெய்டு, சொந்த வீட்டில். ஆவுடையின் கண்ணாடி அலமாரி.

மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்துப் பழகிய கண் என்னுடையது. ஒட்டடைக்குள் ஓடும் எண்ணைக்கூட ஓடுகிற சைக்கிளில் இருந்தே வாசித்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கே பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. டப்பாக்களின் பின்பக்கம் எறும்புக்காக அச்சடித்தது போல இருக்கிறது. தையு பக்கத்தில் நின்று அர்த்தம் சொன்னாள்.

முகக் கிரீமில் லனோலின். அது ஆட்டு ரோமத்தில் ஊறும் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பில் சோடியம் டாலோவேட். பெயரைக் கேட்டால் ஏதோ வெளிநாட்டுத் தூதர் போல இருக்கிறது, ஆனால் உருக்கிய மாட்டுக் கொழுப்பு. நகப்பூச்சின் மினுமினுப்பில் மீன் செதில். கிளிசரினும் ஸ்டியரிக் ஆசிடும் இரண்டு தாய்க்குப் பிறந்தவை. தேங்காய், பனையிலிருந்தும் வரும், கொழுப்பிலிருந்தும் வரும். எது என்று கம்பெனிக்காரனைக் கேட்டால்தான் தெரியும். எல்லாவற்றையும்விடக் கள்ளன், உதட்டுச் சாயத்தின் சிவப்பு. கார்மைன் என்று பெயர். கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுப்பது. சில டப்பாவில் அந்தப் பெயரும் இருக்காது, வெறும் எண்தான். 75470.

"மீட்டர் நம்பர் மாதிரில்லா இருக்கு" என்றேன்.

"அத மட்டும் மறந்துராதீங்க மாமா."

மறப்பேனா? ஆக, என் மனைவி தினமும் முகத்தில் ஒரு வண்டலூர் மிருகக்காட்சி சாலையையே பூசிக்கொண்டுதான் கோயிலுக்குப் போயிருக்கிறாள். இதை அவளிடம் கம்பீரமாக எடுத்துரைத்தேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"நீங்க கட்டியிருக்க பட்டு வேட்டி எதுல செஞ்சது? பூச்சியில்லாம பட்டு வந்துச்சா? சாமிக்குச் சாத்துற புனுகு எந்த மரத்துல காய்க்கி? பூனை தந்ததுதான?"

கடவுளே பிரதிவாதியாக வந்து நிற்பதால் விசாரணை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

ஜூலை 21, திங்கள்

ஒரு மாபெரும் கண்டுபிடிப்பு. நோபல்காரர்கள் தென்காசிக்கு வழி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தையு மாடியில் பீட்ரூட் சாற்றைக் காய்ச்சிச் செடி மெழுகில் கலந்துகொண்டிருந்தாள். தேன்மெழுகு ஆகாது, அது தேனீயின் சொத்து. நான் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு விரலோடு ஒரு துளியைத் தொட்டு வெள்ளைத் தட்டில் இழுத்தேன். சிவப்பு ஓடியே போய்விட்டது. பழுத்த இலை போல மஞ்சள்!

"சுண்ணாம்புல காரம் இருக்குல்லா மாமா, பீட்ரூட்டுக்கு அது ஆகாது. மஞ்சளாயிரும்" என்றாள்.

"பூச்சிச் சாயமா இருந்தா?"

"அது மஞ்சளாகாது. கத்தரிப்பூ நெறத்துக்குப் போகும்."

ஆகவே ஒரு லேபரட்டரியும் வேண்டியதில்லை. என் சுட்டுவிரல்தான் உயர்நீதிமன்றம். மஞ்சள் என்றால் சைவம், கத்தரிப்பூ என்றால் பூச்சி. அப்பீல் கிடையாது. தெருவில் போன நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று பேர் கை தட்டினார்கள். நாலாவது ஆள் வெற்றிலை கேட்டான்.

ஜூலை 25, வெள்ளி

தையு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பீட்ரூட் சிவப்பு ஒரு வாரத்துக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறது, புளிக்குழம்பு நிறத்துக்கு வந்துவிடுகிறது. வாங்கியவர்கள் டப்பாவைத் திருப்பி அனுப்புகிறார்கள். மதுரையில் ஒரு பெரிய கடைக்காரர் ஆர்டர் தருவதாகச் சொல்லி, சரக்கைப் பார்த்துவிட்டு யோசிக்கிறாராம். "இது நடக்கலேன்னா திரும்ப சென்னைக்குத்தான் மாமா" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன். என் ஆசீர்வாதத்தின் வலிமை அப்படி: மத்தியானம் ஒரு பார்சல் வந்தது, சாயங்காலம் காய்ச்சிய சாயம் குங்குமப் பொட்டு போலச் சிவந்து நிற்கிறது.

மாடிப்படியில் ஏறும்போது அவளும் ஆவுடையும் கிசுகிசுப்பது காதில் விழுந்தது. "மாமாட்ட மட்டும் சொல்லிராதீங்க அத்தை." "நான் ஏன் சொல்லுதேன்?"

கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த மாதம் எனக்கு அறுபது முடிகிறது. மோதிரம் போடப்போகிறார்கள். ஒன்றும் தெரியாதவன் போல இருமிக்கொண்டே படியேறினேன். ஆவுடை மோதிர விரலின் அளவைப் பார்க்கிறாளோ என்று சாப்பிடும்போது கையைக் கொஞ்சம் நீட்டியும் வைத்தேன். அவள் அதில் அப்பளத்தை வைத்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

எதிர்வீட்டு மங்கையர்க்கரசி டீச்சர் வந்திருந்தார்கள். இவர்களைப் பற்றி மிகைப்படுத்த எனக்கே வராது. வள்ளலார் படத்துக்கு விளக்கேற்றுகிறவர்கள். பட்டு உடுத்த மாட்டார்கள், தோல் செருப்பு போட மாட்டார்கள், தேனைக்கூடத் தொட மாட்டார்கள். சில வருஷமாகக் கீழுதட்டில் வெண்புள்ளி படர்ந்திருக்கிறது. வேறொன்றும் செய்யாது, வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து டீச்சர் யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. பேசும்போதும் முந்தானையை வாயருகே பிடித்துக்கொள்வார்கள்.

ஆவணியில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம்.

"மகளோட நின்னு போட்டோ எடுக்கணும் அண்ணாச்சி. கடைல விக்கது எதுலயும் என்னென்னமோ இருக்குன்னு நீங்கதான் தெருவெல்லாம் சொல்லிட்டு வாரிய. அதான் தையுட்டயே ஒண்ணு வாங்கலாம்னு வந்தேன்."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையும் மூடியிலிருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"விளையாட்டில்லாம ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. ஒதட்டுல போட்டா உள்ளயும் போகும்லா. இது சுத்தம்தானா?"

என் வாயில் அப்போது யானைகளும் தேவர்களும் அசரீரிகளும் வரிசையில் நின்றார்கள். எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, "ஆமா" என்றேன்.

ஒரே சொல். என் ஆயுளில் அவ்வளவு சின்ன வாக்கியம் நான் பேசியதில்லை. டீச்சர் முந்தானையை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள். தையு உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குற்றாலம். சாரல் விழாக் கண்காட்சியில் தையுவுக்கு ஒரு ஸ்டால். வாசலில் ஆளுயரத்துக்கு என் படம். சாரலில் நனைந்த அந்த மீசையைப் பார்த்து அருவி ஒரு கணம் விழுவதை நிறுத்தியது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். விடுங்கள்.

கூட்டம் சேர்ந்ததும் என் வித்தையை ஆரம்பித்தேன். தையு அப்போது பக்கத்து ஸ்டாலில் சில்லறை மாற்றப் போயிருந்தாள். "பூவுலகத்தோரே! இதோ செவ்விதழ்! இதோ என் சுண்ணாம்பு விரல்! மஞ்சளாக மாறினால் சைவம். மாறாவிட்டால் இந்த மீசை உங்களுக்கு!" வெள்ளைத் தட்டில் சாயத்தைத் தேய்த்து, விரலால் சுண்ணாம்பை அதன்மேல் இழுத்தேன்.

கத்தரிப்பூ.

மறுபடி இழுத்தேன். வேறு டப்பாவைத் திறந்தேன். அடர்ந்த, அழகான கத்தரிப்பூ.

கூட்டம் கை தட்டியது. இதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். "மாமா, எனக்கு இந்தக் கத்தரிப்பூ கலர்லயே ஒண்ணு குடுங்க" என்றது ஒரு பெண். நானும் சிரித்தேன். வாய் என்னென்னவோ பேசியது, என்ன பேசியது என்று நினைவில்லை.

தையு திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தப் பார்சல்ல வந்தது என்னட்டி?"

"துளிதான் மாமா போடுதேன். பீட்ரூட்டும் இருக்கு."

"மீட்டர் நம்பரச் சொல்லு."

தட்டைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள். "எழுபத்தஞ்சு, நானூத்தி எழுபது."

"அதுக்கு எதுக்குட்டி எம் பேர்ல சத்தியம்? சைவம்னு எழுதாம வித்துருக்கலாம்லா."

"எழுதலேன்னா எங்கிட்ட எதுக்கு மாமா வாங்குவாங்க? மதுரைக்காரருக்குச் சரக்கு போயிருச்சு. வேற வழி தெரியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க சத்தியம் பண்ணுனா யாரு மாமா அத நெசம்னு எடுத்துக்கிடுவா? எல்லாரும் விளையாட்டாத்தான பாப்பாங்க. அதான் உங்க மூஞ்சியப் போட்டேன்."

"டீச்சர் எடுத்துக்கிட்டாங்களே."

திறந்து கிடந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினாள். படத்தில் இருந்த நான் மட்டும் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டது. ஊர் வந்து சேரும்வரை நீர் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆவுடைக்கும் தெரியும்.

"அன்னைக்கு மாடில கிசுகிசுன்னு பேசுனது இதத்தானா?"

"வேற என்னத்த?"

"நான் மோதிரம்னு நெனச்சேன்."

"தெரியும். கைய நீட்டிக்கிட்டே சாப்ட்டியல்லா. சந்தோசமா இருக்கிய, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "சின்னப்புள்ள, ஒத்தைல கெடந்து தவிக்கா. நாலு மாசத்துல பீட்ரூட்டே நிக்க மாதிரி செஞ்சிருவேன்னா. நானும் சரின்னுட்டேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா? அரைமணி நேரத்துல செங்கோட்டை வரைக்கும் போயிருக்கும், கூட நாலு சிங்கத்தயும் சேத்துக்கிட்டு." பிறகு, மடித்த வேட்டியை என் மடியில் வைத்தாள். "சேனை வச்சது யாரு? அறிவு மட்டும் உங்ககிட்டருந்து வந்துச்சு, புளுகு மட்டும் எதிர்வீட்டுலருந்து வந்துச்சாக்கும்?"

ஒரு டப்பாவை ஊரே கையில் எடுத்துப் பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று செய்தவளுக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்குத் தெரியும். மூடியில் இருக்கிற முகத்துக்கு மட்டும் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டீச்சரிடம் சொல்லிவிடுவது என்று போனேன். முற்றத்தில் மகளோடு கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். உதட்டில் செவ்விதழ். வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகுகிறார்களாம். வெண்புள்ளி தெரியவே இல்லை. முந்தானை தோளில் இருந்தது.

எப்படி ஆரம்பிப்பது? என் வாய்க்கு ஒரு பாதைதான் தெரியும். "டீச்சர், அந்த டப்பாவுக்குள்ள லட்சோபலட்சம் பூச்சிக படையெடுத்து வந்து ஒக்காந்திருக்கு! அத்தனையும் கள்ளிச்செடில பொறந்தது! அரைச்சு, பொடிச்சு..."

டீச்சர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். "அண்ணாச்சி, போன வருசம் குத்தாலத்துல ஒரு கொரங்கு உங்ககிட்ட மணி கேட்டுச்சுன்னு சொன்னியள்லா, அதோட அண்ணன் தம்பியா இந்தப் பூச்சி?"

"நெசமாத்தான் டீச்சர்."

"கொரங்குக்கும் இதயேதான் சொன்னிய!"

மகளும் சிரித்தாள். எனக்குக் காப்பி வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்னை ஏமாற்றியவர்கள் இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது ஆள் என் நாக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

வெற்றிலைச் செல்லத்தோடு போனேன். வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அடுக்களையிலிருந்து ஒரு பீட்ரூட் துண்டைச் சைகையால் கேட்டு வாங்கித் தட்டின் ஒரு பக்கம் தேய்த்தேன். மறுபக்கம் அவர்கள் டப்பாவிலிருந்து ஒரு கோடு. இரண்டின்மேலும் சுண்ணாம்பு விரல். ஒரு பக்கம் மஞ்சள். ஒரு பக்கம் கத்தரிப்பூ.

டீச்சர் தட்டைப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்கள் போல. முந்தானையை எடுத்து உதட்டைத் துடைத்தார்கள். அழுத்தி, மறுபடி மறுபடி. வெள்ளை வெளியே வந்தது.

"அன்னைக்கு விளையாட்டில்லாம சொல்லுங்கன்னு கேட்டேன்லா அண்ணாச்சி."

"ஆமா."

"அதுவும் விளையாட்டுதானா?"

தையு என்று ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மாடியில் காய்ச்சுகிற பெண் பிள்ளை, இனிமேல்தான் ஊரில் பெயர் எடுக்க வேண்டியவள். எனக்கு எடுக்க வேண்டிய பெயர் ஒன்றும் பாக்கியில்லை. நாக்கை மடித்துக்கொண்டேன். டீச்சர் உள்ளே போய் வாய் கொப்புளிக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

வீட்டுக்கு வந்து விரலைக் கழுவும்போதுதான் உறைத்தது: என் சுண்ணாம்பே கிளிஞ்சல் சுட்டு எடுத்தது. தீர்ப்பு எழுதிய விரலிலும் ஓர் உயிர் குடியிருந்த ஓடு. வண்டலூரில் எனக்கும் ஒரு கூண்டு உண்டு.

ஆகஸ்ட் 7, வியாழன்

மீசையை எடுத்துவிட்டேன். டப்பாவில் இருக்கிற ஆள் இனி நான் இல்லை. காப்பி கொண்டுவந்த ஆவுடை, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டு, டம்ளரை வைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தையு மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். அப்படியே திரும்பி ஏறிப் போனாள். மேலே அழுகிற சத்தம் கேட்டது. சிட்டுக்குருவிகளுக்காக அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அறுபது முடிந்தது. பாயசம். மோதிரம் கீதிரம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மதுரைச் சரக்கு மொத்தத்தையும் தையு திரும்ப வரவழைத்துவிட்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அட்டைப்பெட்டிகள் மாடிப்படி முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கின்றன, எல்லாவற்றிலும் நான் சிரித்தபடி.

இன்று புதிதாக ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். மூடியில் முகம் இல்லை. சத்தியமும் இல்லை. 'பீட்ரூட். ஒரு வாரம்தான் நிறம் நிற்கும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"பாருங்க மாமா" என்றாள்.

சாயத்தைத் தட்டில் தேய்த்து, சுண்ணாம்பு விரலால் இழுத்தேன். மஞ்சள்தான். அப்பட்டமான மஞ்சள். முன்பாக இருந்தால் நோபல்காரர்களைக் கூப்பிட்டிருப்பேன். விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அவள் தட்டைக் கழுவி வைத்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டீச்சர் மகள் கல்யாணம். போகலாமா வேண்டாமா என்று யோசித்து, ஆவுடையின் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். பட்டு வேட்டி கட்டவில்லை. மீசை இல்லாததால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. அது ஒரு வசதி.

டீச்சர் பருத்திச் சேலையில் மேடையில் மகள் பக்கத்தில் நின்றார்கள். உதட்டில் ஒன்றும் போடவில்லை. வெண்புள்ளி பளிச்சென்று தெரிந்தது. போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றபோது, முந்தானையைத் தொடாமல் சிரித்தார்கள்.

சாப்பிட்டு முடித்து வரும்போது வாசலில் எல்லோருக்கும் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. மீசை இருந்த இடத்தைப் பார்த்தார்கள், அதற்கு மேலே பார்க்கவில்லை.

"கல்லுச் சுண்ணாம்புதான், கிளிஞ்சல் இல்ல. கேட்டு வாங்குனேன்."

அவ்வளவுதான். அண்ணாச்சி என்ற சொல் இல்லை. அடுத்து நின்றவருக்குப் பையை நீட்டினார்கள்.

இத்துடன் இந்த டைரியை மூடுகிறேன். மானிடரே, ஆரம்பத்தில் தந்த உறுதிப்படி இதில் எதையும் நீர் நம்ப வேண்டாம். என் மீசையில் குருவி எதுவும் கூடு கட்டவில்லை. குரங்கு மணி கேட்கவில்லை. குற்றாலத்து அருவி எனக்காக நிற்கவில்லை. பஸ்ஸில் கண்ணில் பட்டது சுண்ணாம்பும் இல்லை.

ஜூலை 29 அன்று டீச்சர் கேட்டபோது நான் சொன்ன அந்த ஒரு 'ஆமா' மட்டும் விளையாட்டு இல்லை. நம்பித்தான் சொன்னேன். அது உண்மை.